மண்டபத்தில் 2050 வரை வெப்ப அலையே வராதா? காலநிலை மாதிரியின் எண்களைத் திருத்தலாமா?

ஏப்ரல் 6: ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி ஆசிரியர் ஒருவரின் கேள்வி

"கார்டெக்ஸ் என்னும் காலநிலை மாதிரி ஓட்டங்களின் தெற்காசியத் தொகுப்பிலிருந்து மண்டபத்துக்குரிய கட்டத்தை எடுத்து மாணவர்களோடு வரைபடம் போட்டோம். 2050 வரை ஒரு நாள்கூட அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியைத் தொடவில்லை. பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் 'திருத்தம் செய்துவிட்டுப் பயன்படுத்தவும்' என்கிறார்கள். திருத்தினால் வெப்ப அலை நாள்கள் முளைக்கின்றன. எண்ணை நாமே மாற்றிவிட்டு அதை முன்கணிப்பு என்று சொல்வது நேர்மையா?"

ஏப்ரல் 6, இரவு

நேர்மைதான். திருத்தாத எண்ணை அப்படியே எடுத்துத் திட்டம் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியாது. ஆனால் அதற்கு முன் உங்கள் கோப்பைப் பாருங்கள். பகலும் இரவும் ஒரே அளவில் நிற்பது நிலத்தின் குணம் இல்லை, கடலின் குணம். நீங்கள் எடுத்த கட்டம் மாதிரியின் கணக்கில் கடல்.

அந்தத் தொகுப்பின் பழைய கணினி ஓட்டங்கள், வரைபடத்தை 0.44 டிகிரிக் (அட்ச தீர்க்க ரேகை டிகிரி) கட்டங்களாக வெட்டி ஓடியவை. ஒரு கட்டம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மண்டபத்தின் நிலம் வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் அகலத்தில் நீண்டு கிடக்கிறது. பல மாதிரிகள் ஒரு கட்டத்தில் எது அதிகமோ அதையே முழுக் கட்டத்துக்கும் வைத்துவிடும். ராமேசுவரம் தீவு முழுவதும் அப்படித்தான் தண்ணீருக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிலம் எவ்வளவு என்று சொல்லும் நிலப்பங்குக் கோப்பு ஒன்று மாதிரியின் கோப்புகளோடு தனியாகக் கிடைக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

வெப்ப அலை வரம்பையும் கவனியுங்கள். கடலோர நிலையங்களில் அதிகபட்சம் 37 டிகிரியை எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதி. சமவெளியில் 37 க்குப் பதில் 40. இப்படி ஒரு கோட்டைத் தாண்டும் நாள்களை எண்ணும்போது மாதிரி ஒன்றரை டிகிரி குறைவாகக் காட்டினால் போதும், வெப்ப அலை முழுவதும் காணாமல் போய்விடும். சராசரியில் சிறிதாகத் தெரியும் பிழை, நாள் எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

ஏப்ரல் 7, காலை

திருத்தம் என்றால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு.

மாதிரி எதிர்காலத்துக்கு மட்டும் ஓடுவதில்லை, கடந்த காலத்துக்கும் ஓடுகிறது. அந்தத் தலைமுறை ஓட்டங்களில் கடந்த காலப் பகுதி 2005 உடன் முடிகிறது. அதனால் 1976 முதல் 2005 வரையிலான முப்பது ஆண்டுகளை எடுத்து, அதே ஆண்டுகளின் பாம்பன் அளவீடுகளோடு ஒப்பிடலாம். ஒப்பிடுவது நாளுக்கு நாள் இல்லை. மாதிரிக்குள் வரும் 1987 மே 10 க்கும் உண்மையில் வந்துபோன 1987 மே 10 க்கும் எந்த உறவும் கிடையாது. மாதிரி தன் போக்கில் ஒரு வானிலையை உண்டாக்கிக்கொண்டே போகிறது. முப்பது மே மாதங்களின் மொத்தக் குணத்தைத்தான் ஒப்பிட முடியும். சராசரி எவ்வளவு, எவ்வளவு அலைகிறது, மிகச் சூடான நாள்கள் எங்கே நிற்கின்றன என்பவற்றை.

எளிய திருத்தம் சராசரியை நகர்த்துவது. மீன் ஏலக் கூடத்தில் ஒரு தராசு எப்போதும் கால் கிலோ கூட்டிக் காட்டுகிறது என்றால் கால் கிலோவைக் கழித்துக்கொள்வோம், அவ்வளவுதான். குறைந்த எடைக்கு ஒரு விதமாகவும் கூடுதல் எடைக்கு வேறு விதமாகவும் தராசு பொய் சொன்னால் ஒரே எண்ணைக் கழித்துப் பயன் இல்லை. அதற்குத்தான் குவான்டைல் மேப்பிங். மாதிரியின் நாள்களைக் குளிர்ந்ததிலிருந்து சூடானது வரை அடுக்குகிறோம், நிலையத்தின் நாள்களையும் அப்படியே அடுக்குகிறோம். அடுக்கில் ஒரே இடத்தில் இருப்பவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, மாதிரியின் எண் இவ்வளவு என்றால் நிலையத்தில் அது இவ்வளவு என்று ஓர் அட்டவணை செய்துகொள்கிறோம். எதிர்கால எண்களை அந்த அட்டவணை வழியாக அனுப்பினால் திருத்திய எண் வரும்.

கேட்க அழகாக இருக்கிறது. நம் கரையில் இதுதான் பெரிய ஆபத்தும். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, மாலை

தொண்டிப் பக்கத்திலிருந்து பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் தன் கணக்கைப் போட்டிருக்கிறார். கட்டத்தை உள்நாட்டுப் பக்கம் தள்ளி எடுத்துக்கொண்டாராம். மாதிரியில் மே மாத வெப்பம் நூற்றாண்டின் நடுவில் 2 டிகிரி ஏறுகிறது. பாம்பன் அளவீட்டைக் கொண்டு குவான்டைல் முறையில் திருத்தினால் ஏற்றம் 1 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. "திருத்தம் நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, அது செய்தி இல்லை, கணக்கின் பக்கவிளைவு. இதை விளக்கத்தான் நேற்று முன்தினம் நிறுத்தி வைத்தேன்.

எடுத்துக்காட்டுக்கு எளிய எண்கள் வைத்துக்கொள்வோம். உள்நாட்டுக் கட்டத்தில் மே மாதப் பகல் வெப்பத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அது அலையும் அளவு, 3 டிகிரி. பாம்பனில் இரு பக்கமும் கடல் பிடித்து நிறுத்துவதால் 1.5 தான். குவான்டைல் முறை இந்த அலைச்சலைப் பாதியாக அமுக்குகிறது. நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்துக்கு அது சரி. ஆனால் அந்த அட்டவணைக்கு எது வானிலை, எது காலநிலை மாற்றம் என்று தெரியாது. 2 டிகிரி வெப்ப உயர்வையும் மற்றோர் ஏற்ற இறக்கமாக எண்ணிப் பாதியாக்கிவிடுகிறது.

இதைக் கடல் கட்டத்தில் செய்து பாருங்கள். மாதிரியின் விலக்கம் 0.7, நிலையத்தினுடையது 1.4 என்று வைத்துக்கொண்டால் அதே 2 டிகிரி 4 ஆகப் பெருகும். அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள், ஒரே நிலையம், ஒரே முறை. விடை 1 அல்லது 4. இடையில் கார்பன் டை ஆக்சைடு ஒரு துளிகூட மாறவில்லை.

எனக்கு இதில் உள்ள கோபத்தை மறைக்கவில்லை. மென்பொருளில் ஒரு கட்டளை கொடுத்தால் குவான்டைல் மேப்பிங் நடந்துவிடுகிறது. கடந்த கால வரைபடம் நிலையத்தோடு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்ததும் நிம்மதி வந்துவிடுகிறது. பொருந்தாமல் எப்படி இருக்கும், பொருந்தும்படிதானே செய்திருக்கிறோம்? எதிர்காலத்தில் அது என்ன செய்தது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஏப்ரல் 9, இரவு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஏற்றம் எல்லா நாள்களுக்கும் ஒரே அளவில் சுருங்காது. எதிர்கால எண் கடந்த காலத்தின் உச்சத்தையும் தாண்டினால் அட்டவணையில் அதற்கு வரிசையே இருக்காது. அங்கே பெரும்பாலோர் கடைசி வரிசையின் திருத்தத்தையே நீட்டிக்கொள்கிறார்கள். அதனால் நடுத்தர நாள்கள் 1 டிகிரி ஏறும், மிகச் சூடான நாள்களோ 2 டிகிரிக்கு நெருங்கி ஏறும். இதைப் பார்த்து "எதிர்காலத்தில் உச்ச வெப்பம் சராசரியைவிட வேகமாக ஏறும்" என்று கண்டுபிடித்ததாக எழுதிவிடாதீர்கள். இரண்டு ஒட்டுகளின் தையல் அது.

என்ன செய்யலாம் என்று உடனே கேட்பீர்கள். ஏற்றத்தை முதலில் தனியாகக் கழற்றி வையுங்கள். மீதியைத் திருத்துங்கள். பிறகு ஏற்றத்தை மாற்றாமல் திரும்பச் சேருங்கள். இதை ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே செய்வதுதான் கேனன் குழுவினர் 2015 இல் வெளியிட்ட குவான்டைல் டெல்டா மேப்பிங். காலநிலைத் தாக்க மாதிரிகளை ஒப்பிடும் ஐசிமிப் திட்டத்தாரின் முறையும் ஏற்றத்தைக் காப்பாற்றும் எண்ணத்தில் அமைந்ததே. தம்பி, நீங்கள் இதைக் கொண்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஏப்ரல் 12

சரி, எந்த நிலையத்தோடு பொருத்துவது? முறையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம், இதைப் பேசுவதில்லை.

நம் கரையில் வானிலைத் துறையின் நீண்ட காலப் பதிவுள்ள நிலையங்கள் பாம்பனும் தொண்டியும். நேர்கோட்டில் இடைவெளி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது பழைய மாதிரியின் ஒரே ஒரு கட்டம். ஆனால் இரண்டின் வெயிலும் ஒன்றில்லை. தொண்டி கிழக்கு பார்த்த கரை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் மேற்கே காய்ந்து கிடக்கும் நிலத்தின் மேல் வந்த சூடு நேராகத் தொண்டியில் இறங்குகிறது. கடல் காற்று உள்ளே நுழைய வழியின்றி வெளியே நிற்கும். அது நண்பகலுக்கு முன் வந்துவிட்டால் ஒரு வெயில், மூன்று மணிக்கு மேல் வந்தால் வேறு வெயில். பாம்பனில் எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் காற்று தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.

நான் தொண்டியில் சில கோடைகள் தங்கியிருக்கிறேன். அங்கே மீனவர்கள் காலையில் கரையில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு, கச்சான் விடாது, இன்றைக்குக் கொதிக்கும் என்று சொல்வார்கள். மாதிரிக்கு அந்த அறிவு கொஞ்சம்தான் இருக்கிறது. 50 கிலோமீட்டர்க் கட்டத்தில் கடல் காற்றின் எல்லை வரைய இடமில்லை. 25 கிலோமீட்டர்க் கட்டத்தில் சற்றுப் பரவாயில்லை. திருத்தம் இந்த அறிவை உண்டாக்காது. கச்சான் நாளையும் கடல் காற்று நாளையும் கலந்து ஒரே அடுக்கில் வைத்துப் பொருத்துகிறது. எதிர்காலத்தில் கச்சான் நாள்கள் கூடினாலோ குறைந்தாலோ பழைய அட்டவணை தவறிப்போகும்.

அதனால் என் வழக்கம் இது. தொண்டிக்குத் தொண்டி, அருகிலுள்ள நிலக் கட்டத்தோடு. பாம்பனுக்கு நிலக் கட்டம், கடல் கட்டம் இரண்டிலும் தனித்தனியே ஓட்டி, வரும் இரண்டு விடைகளையும் இரு எல்லைகளாகக் கொடுப்பேன். கடலைவிட நிலம் வேகமாகச் சூடேறும் என்பது எல்லா மாதிரிகளும் ஒத்துக்கொள்ளும் விஷயம். ஆகவே கடல் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்டத்துக்கே சொன்னால் குறைத்துச் சொல்கிறோம் என்று பொருள்.

ஏப்ரல் 13

நிலையப் பதிவு கிடைக்கவில்லை, வானிலைத் துறையின் கட்ட வெப்பநிலைத் தரவு போதுமா என்று மதுரையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

மதுரைக்குப் போதும். எங்களுக்குப் போதாது. அது 1 டிகிரிக் கட்டம், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நிலையங்களின் அளவீட்டைத் தூரத்துக்கு ஏற்ப எடை போட்டுப் பரப்பி நிரப்பியது. அவ்வளவு பெரிய கட்டத்தில் உள்நாட்டின் காய்ச்சலும் கரையின் ஈரமும் கலந்துவிடும். அதைக் கொண்டு திருத்தினால் மாதிரியின் பிழையை எடுத்துவிட்டு வேறொரு பிழையை ஊற்றுகிறோம்.

மறுபகுப்பாய்வு என்பது பழைய அளவீடுகளை மாதிரியோடு சேர்த்துக் கடந்த கால வானிலையை மீட்டுத் தருவது. ஐரோப்பிய மறுபகுப்பாய்வான ஈரா5-லேண்ட் 9 கிலோமீட்டர். பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அதன் காற்று வெப்பநிலை 31 கிலோமீட்டர் ஈரா5 இலிருந்து இறக்கியது. தீவுப் பக்கத்தில் அதன் நிலத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். பாம்பன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எடுங்கள்.

ஏப்ரல் 17

வாலிநோக்கம் அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது இந்த இழையிலேயே எனக்கு முக்கியமானது. "37, 40 என்று பேசுகிறீர்கள். உப்பளத்தில் 34 டிகிரியிலேயே ஆள் விழுகிறான். அதற்கு உங்கள் கணக்கில் இடம் உண்டா?"

அண்ணே, இடம் இருக்க வேண்டும். இருக்கும்படி செய்யாதது எங்கள் குறை.

விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கப் பார்ப்பவர்களுக்கு வெறும் காற்று வெப்பநிலை பாதிக் கதைதான். வியர்வை ஆவியாக முடியுமா என்பதுதான் உடலுக்குக் கேள்வி. அதைச் சொல்வது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. அது 35 டிகிரியை எட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான உடலும் நெடுநேரம் தாங்காது என்பது கோட்பாட்டு எல்லை. வேலை செய்யும் உடலுக்கு அதற்கு வெகு முன்பே தொல்லை தொடங்குகிறது. உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயிலை இதில் சேர்க்கவே இல்லை.

இதைத் திருத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. வெப்பநிலையைத் தனியாகவும் ஒப்பு ஈரப்பதத்தைத் தனியாகவும் திருத்தினால் இரண்டுக்கும் இடையே இருந்த உறவு அறுந்துபோகும். கச்சான் நாளில் சூடு ஏறும்போது ஈரம் இறங்கும். கடல் காற்று நாளில் சூடு தணியும், ஈரம் கூடும். தனித்தனியே திருத்திய கோப்பில் உச்சச் சூடும் உச்ச ஈரமும் ஒரே நாளில் வந்து நிற்கலாம், அப்படி ஒரு நாள் இந்தக் கரையில் வந்ததே இல்லை என்றாலும். ஒப்பு ஈரப்பதத்துக்குப் பதில் பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) தனியே திருத்தினால், அது காற்று வெப்பநிலையைவிட மேலே போய்விடும் அபத்தமும் நடக்கும். பல மாறிகளைச் சேர்த்தே திருத்தும் முறைகள் வந்துவிட்டன, அவற்றைப் பயன்படுத்தலாம். அல்லது, மாதிரியின் எண்களிலிருந்தே ஈரக்குமிழைக் கணக்கிட்டுவிட்டு, அந்த ஈரக்குமிழை நிலையத்தில் கணக்கிட்ட ஈரக்குமிழோடு பொருத்தித் திருத்தலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். உப்பளத்துக்கு வேண்டிய எண் அதுதானே, சுற்றிப் போவானேன்?

ஏப்ரல் 18

சிறிய குறிப்பு. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தனித்தனியே திருத்தினால் சில நாள்களில் குறைந்தபட்சம் மேலே நிற்கும். பாம்பன் போல இரண்டும் நெருங்கியிருக்கும் இடத்தில் இது அடிக்கடி வரும். அதிகபட்சத்தையும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் திருத்திவிட்டு, கழித்துக் குறைந்தபட்சத்தைப் பெறுங்கள். இடைவெளி எதிர்மறையாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 20

ஓர் அலுவலகத்திலிருந்து வந்த அட்டவணையைப் பார்த்தேன். முழு மாவட்டத்துக்கும் ஒரே எண், தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம். எந்த மாதிரி, எந்த நிலையம், எந்த முறை, எதுவும் இல்லை. பரமக்குடியும் தனுஷ்கோடியும் அதில் ஒரே வெயிலில் நிற்கின்றன.

முண்டு மிளகாய்ச் சாகுபடிக்கு, கண்மாய் ஆவியாதலுக்கு, பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கு, பள்ளிக்கூட நேரத்துக்கு, எல்லாவற்றுக்கும் நாளை இந்த ஒற்றை எண்ணைத்தான் எடுத்துப் போடுவார்கள். 'திருத்தப்பட்டது' என்ற ஒரு சொல் அதன் மேல் இருப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. திருத்திய எண்ணைக் கொடுப்பவர் திருத்தாத எண்ணையும் பக்கத்தில் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே மாதிரிக்கு இந்த இடம் எவ்வளவு தெரியும் என்று படிப்பவருக்கு விளங்கும்.

ஏப்ரல் 24

"பாதி ஆண்டுகளில் அட்டவணை செய்து மீதிப் பாதியில் சோதித்தேன், கச்சிதமாகப் பொருந்துகிறது, இனி நம்பலாம் அல்லவா" என்று தொண்டித் தம்பி. ஏற்றத்தைக் காக்கும் முறைக்கு மாறிவிட்டார், நல்லது.

பொருந்துவது நல்ல அறிகுறிதான், போதுமான சான்று இல்லை. மாதிரிக்குத் தன் வானிலை, உலகத்துக்கு அதன் வானிலை என்று இருக்கும்போது, இரண்டு பதினைந்து ஆண்டுகளின் சராசரி ஒத்துப்போவதும் ஒத்துப்போகாததும் பல நேரம் தற்செயல். முறை உருப்படியா என்று பார்க்க, மாதிரி கணக்கிடும் பரப்பின் எல்லையில் மறுபகுப்பாய்வை ஊட்டி ஓட்டிய சோதனை ஓட்டங்களை எடுங்கள். அவற்றில் மாதிரிக்கு உண்மையான வானிலையின் ஓட்டம் வெளியிலிருந்து கிடைக்கிறது, ஆகவே நாளுக்கு நாள் ஒப்பிடலாம். கச்சான் நாள்களை மட்டும் பிரித்தெடுத்து அங்கே பிழை எவ்வளவு, கடல் காற்று நாள்களில் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் ஒரே அட்டவணை உதவாது.

ஏப்ரல் 25

ஆசிரியர் திரும்ப வந்திருக்கிறார். "கடைசியில் எத்தனை டிகிரி என்று மாணவர்களிடம் சொல்வது?"

ஒற்றை எண் சொல்லாதீர்கள், ஐயா. புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியதாகச் சொல்கிறது. உமிழ்வு மிக அதிகமான ஆர்சிபி 8.5 பாதையில் நூற்றாண்டின் முடிவில் 1976-2005 ஐவிட சுமார் 4.4 டிகிரி கூடும் என்கிறது. இவை நாடு முழுவதற்குமான சராசரி. நம் கரை கடலோடு ஒட்டியிருப்பதால் வட இந்தியாவைப் போல ஏறாது. வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலும் சும்மா இல்லை. 1951 முதல் 2015 வரை அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி சூடேறியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்ததை மண்டபத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

எந்த ஒரு மாதிரியையும் எவ்வளவு திருத்தினாலும் மாதிரிகளுக்கு இடையே உள்ள கருத்து வேறுபாடு மறையாது, மறையவும் கூடாது. கடந்த காலத்தில் எல்லாம் பாம்பனோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், 2030 க்குப் பிறகு விசிறி போல் விரியும். அந்த விரிவைத்தான் மாணவர்கள் வரைய வேண்டும். நிலக் கட்டம் ஒரு நிறத்தில், கடல் கட்டம் வேறு நிறத்தில்.

மே 2

பிப்ரவரி 30 ஆம் தேதி எப்படி வந்தது என்று கேட்டவருக்கு: உங்கள் கோப்பு பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய பிரெசிஸ் மாதிரியின் ஓட்டத்தினுடையது. அந்த மையத்தின் பழைய மாதிரிகளில் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள், ஆண்டுக்கு 360 நாள். வேறு சில மாதிரிகளில் லீப் நாள் இருக்காது. நாள்களை அழித்து ஒட்டாதீர்கள். மாதம் மாதமாக அடுக்கிப் பொருத்தினால் தேதிச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

கூடவே நாளின் எல்லையையும் பாருங்கள். மாதிரியின் நாள் கிரீன்விச் நள்ளிரவில் தொடங்குகிறது, நமக்கு அது காலை 5.30. நம் ஊரில் அன்றைய குறைந்தபட்சம் விழுவது ஏறக்குறைய அதே நேரத்தில். ஒரே விடியலின் குளிர்ச்சி இரண்டு நாள்களின் கணக்கிலும் ஏறிவிடும். நிலையத்தின் காலை 8.30 வாசிப்புக்கு அந்தக் குழப்பம் இல்லை. மூன்று மணி நேரக் கோப்புகள் கிடைத்தால் அவற்றிலிருந்து நம் நேரப்படி நாளை வெட்டி எடுத்துக்கொண்டு, பிறகு திருத்தத்தைத் தொடங்குங்கள். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 ஐக் கழிக்க வேண்டும்.